சோளகத்தின் நாலாவது கதை

கிட்ட வந்து இருங்கோ. இது சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய கதை இல்லை.

ஊர்காவற்றுறையில் கடற்கரையோடு ஒரு விருந்தினர் விடுதி. பிரான்சில் இருந்து திரும்பி வந்த எமிலியானுஸ்தான் முதலாளி. அங்கே பாரில் நிற்கிற டிலோன் கலந்து குடுக்கிற கொக்டெயில் ஒன்று இருக்கு. தென்மேற்குக் காற்றின் பேரையே அதுக்கும் வைச்சிருந்தான்: சோளகம். பனஞ்சாராயம், தேசிக்காய்ப் புளி, பனங்கட்டிப் பாகு, இடிச்ச இஞ்சி, கிளாஸ் நிறைய ஐஸ். குடிச்சு முடியேக்கை நாக்கு நுனியில் மெல்லிசாய் ஒரு உப்பு தட்டும். அந்த உப்புக்குத்தான் சனம் தேடி வந்தது.

"இதை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று வாற எல்லாரும் கேட்பினம். டிலோன் ஆளுக்கொரு கதை விடுவான்.

ஜெர்மன்காரச் சோடிக்கு, கோட்டையில் இருந்த போர்த்துக்கேயக் கப்பித்தானின் கதை. கொழும்புப் பெடியளுக்கு, விட்டிட்டுப் போன காதலியின் கண்ணீர்.

பக்கத்தில் தட்டோடு நிற்கிற ஜெனீற்றாவுக்குப் பத்தி எரியும். நெடுந்தீவுப் பிள்ளை. விடிய வந்து பின்கிணத்தில் தண்ணி அள்ளிக் கொதிக்க வைச்சு, ஆறவிட்டு, ஐஸ் தட்டு நிரப்புகிறதில் தொடங்கி, பின்னேரம் மேசை துடைக்கிறது வரைக்கும் அவளின் வேலை. முதல் நாளே அந்தத் தண்ணியை வாயில் விட்டுப் பார்த்து, "எங்கட ஊரில இப்பிடித் தண்ணி கிடைச்சால் கொடியேத்தித் திருவிழா வைப்பம்" என்று சொன்னவள்.

"டிலோன் அண்ணை, ஒருத்தியின்ர கண்ணீர் எத்தினை கிளாசுக்குக் காணும்?"

"அவள் நல்லா அழுவாள், பிள்ளை."

இதையெல்லாம் பொறுத்தாள். மூன்றாவது கதையைத்தான் பொறுக்க ஏலாமல் போச்சு.

கனடாவில் இருந்து வந்த குடும்பத்துக்கு அவன் சொன்னான்: "என்ர அப்பா மூண்டு நாள் கடலில திசை மாறிப் போனவர். திரும்பி வந்து, உதட்டில காஞ்ச உப்போட முதல் குடிச்சது இதுதான்."

அந்தக் குடும்பத்து மனுசி கண்ணைத் துடைச்சா. ஜெனீற்றா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போயிட்டாள். அவளின் அப்பா யாக்கோப்பு உண்மையாகவே கடலுக்குப் போனவர். வரேல்லை. டிலோனின் தகப்பனோ பஸ் கொண்டக்டர். வள்ளத்தைக் கண்டாலே சத்தி எடுக்கிற ஆள்.

இருக்கட்டும், ஒரு நாளைக்கு என்று மனதுக்குள் முடிஞ்சு வைச்சாள்.

அந்த நாளும் வந்தது. கொழும்புச் சஞ்சிகை ஒன்றில், புதுக் குடிவகைகளையும் அவை பிறந்த கதைகளையும் எழுதுகிற கம்சிகா வரப்போறா. விடியத் தொடக்கம் முதலாளி கதிரையில் இருக்கேல்லை. வாசலுக்கும் குசினிக்கும் நடந்தபடி.

"டிலோன், அவ எழுதினால்தான் விடுதி நிமிரும். பிசகிச்செண்டால், உப்புத் தேத்தண்ணி போட்டு வேலை போன குசினிக்காரன்ர வழிதான் உனக்கும்."

ஜெனீற்றா துடைச்ச மேசையையே மூன்றாம் தரம் துடைச்சாள்.

கம்சிகா வந்தா. ஒரு மிடறு குடிச்சா. கிளாசைச் சுத்திச் சுத்திப் பார்த்தா.

"விளிம்பிலயும் உப்புத் தடவேல்லை. இந்த உப்பு எங்கயிருந்து வருது?"

"அது மிஸ், என்ர அப்பா ஒருக்கால் கடலில..."

ஜெனீற்றா தட்டை மேசையில் படாரென்று வைச்சாள்.

"பொய் மிஸ்! இவற்ர அப்பா பஸ் கொண்டக்டர். இவர் ஆளுக்கொரு கதை சொல்லுறவர். கடலில போறவை எல்லாரும் திரும்பி வந்து கொக்டெயில் குடிக்கிறேல்லை!"

முதலாளியின் முகம் கறுத்துப் போச்சு. கம்சிகா பேனையை மூடி வைச்சா.

"அப்ப எது உண்மை?"

"சொல்லடா," என்றார் முதலாளி. "இல்லாட்டி இப்பவே வெளிக்கிடு."

டிலோன் ஜெனீற்றாவைப் பார்த்தான். கோவப்படேல்லை. பிறகு கம்சிகாவின் பக்கம் திரும்பினான்.

"பிழை விட்டிட்டன் மிஸ். நாலு மாதத்துக்கு முன்னம், பவுசர் லொறியில வாற நல்ல தண்ணியை விட்டிட்டு, பின்கிணத்து உப்புத் தண்ணியில ஐஸ் போட்டிட்டன். குடிச்ச ஆள் சத்தி எடுக்குமெண்டு பாத்தால், இன்னொரு கிளாஸ் கேட்டுது. முதலாளி அறிஞ்சால் வேலை போயிடுமெண்டுதான் கதை கட்டினனான்."

"பின்கிணத்துத் தண்ணியோ! மூதேசி!" முதலாளி எழும்பிவிட்டார்.

கம்சிகா மேசையில் தட்டிச் சிரிச்சா.

"ஐயா, இருங்கோ! எல்லாரும் ராசாவையும் கப்பலையும் சொல்லுவினம். பிழையை ஒத்துக்கொண்ட ஆளை இண்டைக்குத்தான் காணுறன். இதைத்தான் எழுதப்போறன். அந்தக் கிணத்தை ஒரு படம் எடுக்கலாமோ?"

ஏச எழும்பின முதலாளி கிணத்தடியைக் கூட்ட ஓடினார். கம்சிகா பின்னால் போனா.

"உப்போ?" என்று ஜெனீற்றா முணுமுணுத்தாள். கிளாசுக்குள் கிடந்த ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். உப்பே இல்லை. நெடுந்தீவில் அவள் குடிச்சு வளர்ந்த தண்ணிக்கு இது தேன்.

பிறகுதான் கணக்குப் பார்த்தாள். நாலு மாதம். அவள் வேலைக்கு வந்தும் நாலு மாதம். முதல் நாளில் இருந்து ஐஸ் போடுகிறது அவள்தான். டிலோன் அந்தத் தட்டை ஒரு நாளும் தொட்டதில்லை.

"டிலோன் அண்ணை... அது நான்..."

"மெல்லக் கதையும். முதலாளி கிணத்தடியில நிக்கிறார்," என்று சொல்லி, வெறும் ஐஸ் தட்டை எடுத்து அவளின் கையில் வைச்சான் டிலோன்.