முப்பத்தொரு பேருக்கு ஒரே செய்தி

அலுவலகக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் அவள் கிளம்பலாம்.

மேசைகள் வண்டியில் ஏறிவிட்டன. மேலாளர் ஜெயபாண்டி சாமான் பட்டியலோடு அவள் பின்னாலேயே சுற்றுகிறார்.

எங்கோ ஒரு நாட்டு அரசாங்கம் காசநோய்க்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்திவிட்டது. திண்டுக்கல்லில் இந்த அறை காலியாகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கைப்பேசிக்குத் தினமும் முப்பத்தொரு வீடியோ வரும். நோயாளிகள் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவார்கள். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். விழுங்கினார்களா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

காலையில் மேலிடம் எல்லாருக்கும் ஒரே வரி அனுப்பச் சொன்னது. ‘நாளை முதல் வீடியோ அனுப்ப வேண்டாம்.’

மொட்டையாக இருந்தது. மனசு கேட்கவில்லை.

அவளாகவே சேர்த்தாள். ‘ஒத்துழைப்புக்கு நன்றி. இனி நோயில்லாமல் நலமாக வாழ வாழ்த்துகள்.’

மூன்று மணிக்குச் சவரிமுத்து கூப்பிட்டார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவர். இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி.

“ரொம்ப சந்தோசம் மேடம். எனக்கு நல்லாயிருச்சுன்னு போட்ருந்தீங்க. மிச்ச மாத்திரைய எம் பொண்டாட்டி அடுப்புல போட்டுட்டா. இனிமே கண்ணுல படக்கூடாதுன்னு.”



பாதியில் விட்டால் நோய் திரும்பும். திரும்பினால் இதே மாத்திரைக்கு அடங்காது. அவர்களிடம் அதை வாய் ஓயாமல் சொன்னவள் அவள்தான். வாழ்த்தியவளும் அவள்தான்.

“இன்னும் முடியலண்ணே. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்குங்க.”

மற்ற முப்பது பேரும் இப்படித்தான் புரிந்துகொண்டிருந்தால்?

மறுபடியும் செய்தி போடலாம். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் வந்துதான் வாசித்துக் காட்ட வேண்டும். எண்கள் இந்தக் கைப்பேசியில் மட்டும்தான்; குறித்து வைத்துக்கொள்ளவும் கூடாதாம்.

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். அடுத்த எண்.

சின்னப் பெண் குரல்.

“அம்மா தண்ணி பிடிக்கப் போயிருக்கு.”

“அம்மா மாத்திரை டப்பா எங்க இருக்கு பாப்பா?”

“எங்கிட்டதான். அம்மா எனக்கே குடுத்துருச்சு. பாசிமணி போட்டு வச்சிருக்கேன்.”

கதவு தட்டும் சத்தம்.

“அந்த போன் மட்டுந்தாம்மா பாக்கி. வண்டி நிக்கிது,” என்றார் ஜெயபாண்டி.

அவள் தண்ணீர்க் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டாள்.

மூன்றாவது எண்ணை அழுத்தினாள்.