வெட்டிய மூச்சு

எழுபத்து மூன்று வயதில், பழைய அமெரிக்கக் காதல் பாட்டுகள் பத்தைப் பாடி ஆல்பமாக்கியிருந்தார் ஐரீன் சாலமன். ஸ்டுடியோவில் முழுவதும் கேட்டு முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார்.

"என் மூச்சு எங்கடா?"

"வரிக்கு வரி இரைக்குது மேடம். எல்லாத்தையும் வெட்டிட்டேன்," என்றான் ஒலிப்பதிவாளன் நிவாஸ். "இப்ப இருபது வயசுப் பொண்ணு பாடுற மாதிரி இருக்கு."

"மூச்சு விடாம இருந்தா அதுக்குப் பேரு பொணம்டா. வெட்டினதைப் போடு."

துண்டுகளை வரிசையாக ஓடவிட்டான். பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை. அறை முழுக்க ஒரு கிழவி இரைத்தாள். ஐரீன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நிறுத்து. இது மூணாவது பாட்டு, ரெண்டாவது வரி. எடுத்த எடத்துலயே வை."

வைத்தான்.

"அடுத்தது."