தெல்தெனியவில் ஒரு பின்னேரம்

1935. மலேரியாக் காய்ச்சல் பரவியதால் தெல்தெனியப் பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரியாகியிருந்தது. இரண்டு நாளாகக் கண் மூடாத டொக்டர் தம்பிநாதன், கதிரையில் சாய்ந்தபடியே உறங்கிப்போனார்.

விழித்தபோது பின்னேரமாகிவிட்டது. அறுபது நோயாளிகள் கிடந்த மண்டபத்தில் ஒரு முனகல்கூட இல்லை. பிள்ளைகளின் அழுகையும் இல்லை.

'எல்லாம் முடிஞ்சுதோ?'

மண்டபத்துக்குள் ஓடினார். எல்லோரும் உயிரோடு அவரையே பார்த்தார்கள்.

"நளீர், ஏன் ஒரு சத்தமும் இல்லை?"

மருந்து கலக்கும் நளீர் சிரித்தார். "காய்ச்சலுக்குக் கொயினா மருந்த நான் குடுத்துட்டேன் டொக்டர். நீங்க உறங்கணும்ண்டு இவங்கதான் வாயப் பொத்திட்டு இருந்தாங்க. அழுத புள்ளைகள மாமரத்தடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து அழகம்மா கையை ஆட்டினாள்.

"போய்ப் படுங்கய்யா! நாங்க எங்கயும் போயிற மாட்டோம்."

டொக்டர் சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார்.