வாத்துப் பண்ணை வேலை

தெரேசா மறுபடியும் அரிசி வரிசையில் வந்து நின்றதைப் பார்த்ததும் பர்னபாசுக்குக் கோபம் தலைக்கேறியது. யாருக்குத்தான் ஏறாது?

ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் மாதா கோயிலைச் சேர்ந்த தமிழர் வீடுகளில், உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். பச்சரிசி, புழுங்கலரிசி, சிவப்பரிசி எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். பிள்ளைகளோடு தனியாய் நிற்கும் பெண்களுக்கு அதை அளந்து கொடுப்பவர் கோயில் சங்கச் செயலாளர் பர்னபாஸ்; பர்மிய வழக்கில் எல்லாருக்கும் அவர் 'சயா', அதாவது ஐயா.

"ஏம்மா, உனக்குத்தான் என் வாத்துப் பண்ணையிலேயே வேலை போட்டுக் குடுத்தேனே! இங்க எதுக்கு வந்தே?"

"வேலையை விட்டு நின்னுட்டேன், சயா."

"நின்னுட்டியா! புருஷன் இந்தியாவுக்குக் கப்பலேறிட்டான், கைப்பிள்ளையோட தவிக்கிறேன்னு அழுதே. பாவமேன்னு வேலை குடுத்தா, உடம்பு வளையலையோ?"

தெரேசா இடுப்பிலிருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"ஓசிச் சோறு ருசி கண்டுபோச்சு! ஆளுக்கு ரெண்டு டப்பா அளந்த இடத்துல இப்ப ஒண்ணுதான் அளக்கிறேன். ஏன்? இவளை மாதிரி திரும்பி ஓடி வர்றவங்களாலதான்! எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க!"

எல்லாரும் பார்த்தார்கள். முன்னால் நின்ற செசிலியா திரும்பி முறைத்தாள்.

"எங்க பிள்ளைங்க வயித்துலயா அடிக்கிறே, தெரேசா? அந்த வேலை எனக்குக் கிடைச்சிருந்தா விட்டிருப்பேனா?"

அவர் திட்டியதைப் பொறுத்துக்கொண்ட தெரேசாவுக்கு இது பொறுக்கவில்லை.

"நீங்களும் விட்டிருப்பீங்க, அக்கா."

"உனக்கு அரிசி கிடையாது, போ!" பர்னபாஸ் டப்பாவைச் சாக்கில் எறிந்தார். "திமிரைப் பாரு! என் பண்ணையில என்ன குறையைக் கண்டே? சொல்லு, இத்தனை பேர் முன்னால சொல்லு!"

தெரேசா குனிந்து சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். பச்சையும் புழுங்கலும் சிவப்புமாய்க் கலந்து கிடந்ததைச் செசிலியாவின் கண்முன் நீட்டினாள்.

"தினம் வாத்துக்கு இதைத்தான் போடச் சொன்னாரு, அக்கா. மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்காரு. நம்ம பிள்ளைங்க சோத்தை வாத்துக்குப் போட எனக்குக் கை வரலை."