கூண்டுத் தாழ்ப்பாள்

"நாய் புடிக்கிற கட்டையில போறவனே, உன் கை வெளங்குமா!" என்று ஆண்டாளம்மாள் டென்ட் கொட்டகையே அதிரும்படி சபித்தாள்.

சபித்தது திரையில் இருந்த பொம்மை ஆளைத்தான். ஆனால் கொட்டகை மொத்தமும் திரும்பி, மணல் குவித்து உட்கார்ந்திருந்த அம்முலுவைப் பார்த்தது. பக்கத்தில் அவள் புருஷன் சடையப்பன். தெருநாய்களைக் கூண்டு வண்டியில் பிடித்துப் போய், ஊருக்கு வெளியே கொன்று புதைக்கிற பஞ்சாயத்து வேலை அவனுக்கு.

நாய்களே பேசி, நாய்களே குடும்பம் நடத்தும் இங்கிலீஷ் பொம்மைப் படம் அது. பாஷை புரியாவிட்டால் என்ன? குட்டி நாயைக் கூண்டில் போட்டதும் உத்திரமேரூரே மூக்கைச் சிந்தியது. காற்றடித்துக் கூண்டுக் கதவு தானாகத் திறந்துகொண்டதும் விசில் பறந்தது.

படம் விட்டதும் ஆளுக்கொரு விமரிசனம்.

"பாட்டு சுமாருதான். ஆனா அழ வெச்சிட்டாம்பா" என்றார் மளிகைக்கடை ஏகாம்பரம்.

"பொட்ட நாய்க்கு ஒரு பொட்டு வெச்சிருந்தா லட்சணமா இருந்திருக்கும்" என்றாள் கனகா.

"வாயில்லா ஜீவனுங்க! எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஆண்டாளம்மாள்.

"நீ இன்னா சொல்ற சடையப்பா?" என்று ஏகாம்பரம் கிண்டலாகக் கேட்டார்.

"சுத்தப் பொய்ப் படம். தாழ்ப்பா தானா தெறந்துக்குமா? கத வுடறான்."

அம்முலுவுக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"பொம்ம நாயி பொழச்சது கூட உனக்குப் பொறுக்கலியாய்யா? ஊரே என்னிய எமன் பொண்டாட்டின்னு பேசுது. இந்த வேல வாணாம். வுடலன்னா எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்."

"நான் வுட்டா வேற எவனாச்சும் வருவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் கோபத்தில் அவள் கூழ் ஊற்றவில்லை. அவனும் வெறும் வயிற்றோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான். வெயில் ஏற ஏற அவளுக்கு மனசு கேட்கவில்லை. தூக்குச்சட்டியில் கூழை ஊற்றிக்கொண்டு, அவன் வண்டி போகும் திருப்புலிவனம் ரோட்டில் நடந்தாள்.

ஏரிக்கரை மறைவில் வண்டி நின்றது. துருப்பிடித்த தாழ்ப்பாளைச் சடையப்பன் கருங்கல்லால் தட்டிக்கொண்டிருந்தான். விரலெல்லாம் ரத்தம். கதவு திறந்ததும் நாய்கள் குதித்து ஓடின. ஒரு செவலை மட்டும் போகாமல் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"எத்தினி வாட்டிடா திரும்பி வருவ? பேஜார் புடிச்ச நாயி! என் பொயப்புல மண்ணப் போட்றாத, ஓடு!"

அம்முலு வண்டியருகே போய்த் தூக்குச்சட்டியைத் திறந்தாள். அவனுக்கு வயிறு நிறையக் கூழ் ஊற்றினாள். மிச்சத்தைச் செவலைக்கு வைத்தாள்.

சாயங்காலம் தெருவில் போனவளை ஆண்டாளம்மாள் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏண்டி அம்முலு, உன் புருசன் இன்னா வேல பாக்கறான்? கொன்னுட்டு வாடான்னு நாந்தான் காலையில இந்தச் செவலையக் காட்டிக் குடுத்தேன். தோ, திரும்பவும் இங்கியே சுத்திக்கினு கீது! பஞ்சாயத்துல சொல்லட்டுமா?"

கூழ் ருசி கண்ட செவலை ஓடிவந்து அம்முலுவின் புடவையை முகர்ந்தது. அவள் அதைக் காலால் மெல்லத் தள்ளினாள்.

"அது இல்லீங்கம்மா... இது வேற நாயி."