வீட்டில் மனநோயாளர் உண்டா?

சுகாதாரக் கணக்கெடுப்புத் தாளோடு ஜெயம்மாள் வீட்டுத் தறிக்கூடத்தில் நிற்கிறேன். இதுவரை கேட்ட பதினேழு வீட்டிலும் ஒரே பதில்தான். ஓட்டுச் சந்தில் விழும் வெயில், குழித்தறியில் நெய்யும் அவள் மகன் பரசுராமனின் வியர்வை முதுகில் மின்னுகிறது. கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ அவன் கெஞ்சிக்கொண்டே இருக்கிறான். அவன் இடுப்பிலிருந்து தூணுக்குச் சங்கிலி ஓடுகிறது.

"நாள் தவறாம நெய்யறான். இவனுக்கு இன்னா நோவு? மலைக்கு மொட்டை வேண்டிகினுகீறோம்" என்கிறாள் ஜெயம்மாள்.

"டாக்டர்கிட்ட காட்டாம கட்டியா போடுவீங்க? அறிவிருக்கா?" என்று கத்துகிறேன். தறிச் சத்தம் நிற்கிறது.

"ஏம்மா, உங்க அக்கா தேவகிய உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தானே வந்துகீறே? அத எழுதினியா?" என்கிறாள் ஜெயம்மாள்.

தாளின் முதல் வரி எங்கள் வீடு. 'இல்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறேன்.