சுடும் சுவரைத் தேடி

முதலில் விறகடுப்பை இடித்தார்கள். இரண்டாவதாக, வெயில் விழும் ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். மூன்றாவதாக, சூடு தரும் மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் மட்டும் தரும் வெள்ளை பல்பை மாட்டினார்கள். மூன்றையும் எதிர்த்துக் கத்தியவன் மலைப் பங்களாப் பல்லி வீரணன். இப்போது குளிரில் அவன் பின்னங்கால் விறைத்துக் கிடந்தது.

“நாளைக்கு லாரி கீழே போகுது. சமவெளியில சுவரே சுடுமாம்,” என்றாள் அவன் மனைவி செம்பாயி.

“பூனையும் உண்டாம். அங்கத்திப் பல்லிங்க நம்மள மலையான்னு கேலி பேசும்.”

“பேசட்டும். பதில் பேச உசிரு வேணுமில்ல? இத்தனை வருஷம் கத்தி ஒரு பல்பையாவது காப்பாத்துனீங்களா?”

“கத்தலேன்னா அது போன வருஷமே போயிருக்கும்,” என்றான் வீரணன். பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஓடிட்டான்னு சொல்லுவாங்களே, செம்பாயி.”

அந்தச் சுவரில் ஒரு வழக்கம் உண்டு. இடம் மாறும் பல்லியின் பெயரைச் சிலந்தி எல்லார் முன்னாலும் வாசிக்கும். வாசித்த பெயரை ஓடிப்போன பெயரென்று யாரும் சொல்லக்கூடாது.

விடிந்ததும் சிலந்தி செம்பாயியின் பெயரை வாசித்துவிட்டு, “வேறு யாராவது?” என்றது.

வீரணன் விறைத்த காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

“என் பேரையும் வாசி. பக்கத்து அறைக்கும் கேக்கணும்.”

சுவரிலிருந்த பல்லிகளெல்லாம் தலை நிமிர்த்தின. சிலந்தி உரக்க வாசித்தது:

“வீரணன்.”